பாவா ஓட்டுவதற்கு ஒரு விமானம்

திருத்தணி ரயில் நிலையத்தை ஒட்டிய வண்டி ஸ்டாண்டில் டோக்கனைத் தொலைத்துவிட்டு வண்டியைக் கேட்டுப் பாருங்கள், கல்பனா யாரென்று தெரியும். ஆர்.சி. புத்தகத்தை நீட்டினாலும், அழுதாலும், போலீஸில் சொந்தக்காரன் இருக்கிறான் என்றாலும் அவளிடம் பாச்சா பலிக்காது. "டோக்கன் இல்லனா வண்டி இல்ல. எல்லாரும் எடுத்துகினு போற வரைக்கும் அப்டி ஓரமா குந்து. கடைசியா நிக்கறது உன்னுது" என்பாள். காலை நாலரை மணிக்குச் சென்னை ரயிலைப் பிடிக்க ஓடுகிறவர்கள் கண்டபடி விட்டுவிட்டுப் போகும் வண்டிகளை எண் பார்த்து, இழுத்து, வரிசையாக நிறுத்துவது அவள் வேலை. பதினொரு மணிக்கு அடுத்த ஆளிடம் ஸ்டாண்டை ஒப்படைத்துவிட்டு வீட்டுக்குக் கிளம்புவாள். வீட்டு வாசலைத் தாண்டினால் அந்த அதிகாரத்துக்கு மதிப்பில்லை.

உள்ளே கட்டிலில் ஜெகநாதன் இருப்பார். அவள் புருஷன், அத்தை மகன், தெலுங்கு புழங்கும் பள்ளிப்பட்டுக்காரர். கல்யாணத்துக்கு முன்னும் அவளுக்குப் பாவாதான், பின்னும் பாவாதான். இருபது வருடம் கரும்பு டிராக்டர் ஓட்டினார். பதினான்கு மாதங்களுக்கு முன்பு மணவூர் தாண்டி ஓர் ஏரிக்கரையில் டிராக்டர் கவிழ்ந்து அவரை அடியில் போட்டுக்கொண்டது. யார் மேலும் தப்பில்லை. மழையில் ஊறிய கரை. முதுகெலும்பு நொறுங்கி இடுப்புக்குக் கீழே உணர்வு போயிற்று. இரண்டு தோளிலும் நரம்பு அறுந்து கைகள் தூக்க வரவில்லை. விரல்கள் மட்டும் தப்பின. கழுத்தில் கொசு உட்கார்ந்தால் அவளைத்தான் கூப்பிட வேண்டும், அவள் ஸ்டாண்டில் இருக்கும் நேரம் எதிர்வீட்டு ரத்தினம்மாள் எட்டிப் பார்த்துக்கொள்வாள். இந்த லட்சணத்தில் விரல்களை எதற்கு விட்டுவைத்தாய் என்று மலை மேல் இருப்பவனிடம் அவள் பலமுறை கேட்டிருக்கிறாள். அவன் பதில் சொல்கிற ஆள் இல்லை.

பிள்ளை இல்லை. அது பழைய வருத்தம், அதை எடுத்துவைத்துக்கொண்டு அழ இப்போது நேரமில்லை.

அந்தப் பதினான்கு மாதத்தில் ஜெகநாதன் ஒன்றுமே கேட்டதில்லை. சோறு கொடுத்தால் வாயைத் திறப்பார். போதுமா என்றால் கண்ணை மூடுவார். தீபாவளிக்குப் பிறகு வாயைத் திறப்பதும் குறைந்துபோயிற்று. கை காலுக்குப் பயிற்சி கொடுக்க வாரம் ஒருநாள் வரும் சௌமியா என்ற பெண், வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டே ஒருநாள் சொன்னாள்: "அக்கா, உடம்ப நான் பார்த்துக்கறேன். மனசு தான் வுட்டுகினே போவுது. அவரா எதுனா ஒண்ணு கேக்கட்டும். கேட்டார்னா எப்படியாவது குடுத்துடுங்க. இல்லன்னு மட்டும் சொல்லிடாதீங்க."

அவர் கேட்க வேண்டுமே என்று இவள் காத்துக்கொண்டிருந்தாள்.

பொங்கலுக்கு அவள் தம்பி ராஜேஷ் வந்தான். ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் வேலை. கூட வேலை செய்கிறவனிடம் பழையதாக வாங்கிய வி.ஆர். கண்ணாடி ஒன்றைப் பையிலிருந்து எடுத்தான். கண்ணாடி என்று பேர், பார்த்தால் டிபன் டப்பாவை மூஞ்சியில் கட்டின மாதிரி இருந்தது. அதை மாமனுக்கு மாட்டி, கடலடி, பனிமலை என்று என்னென்னவோ காட்டினான். ஜெகநாதன் தலையை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் திருப்பிப் பார்த்தார். பிறகு சொன்னார்:

"நல்லாதாண்டா கீது. ஆனா இது அதுவா போவுது. நான் ஓட்டறாப்ல எதுனா கீதா?"

"கார் ஓட்டறீங்களா மாமா?"

"ரோடு வோணாம். ரோட்டப் பார்த்தாச்சு. மேல போறாப்ல எதுனா."

"பிளேனா?"

"ஆங். பிளேன்."

அடுப்படியில் நின்றிருந்த கல்பனா கரண்டியைக் கீழே வைத்தாள். கேட்டுவிட்டார். நிலா வேண்டும் என்று கேட்டிருந்தால்கூட அன்றைக்கு ஏணி தேடிப் போயிருப்பாள். ராஜேஷைத் தனியாக அழைத்து, "டேய், அது எங்க விக்குது சொல்லு" என்றாள்.

ஆழம் தெரியாமல் காலை விட்டாள் என்பது பிறகுதான் தெரிந்தது. பிளேன் விளையாட்டுகள் அந்தக் கண்ணாடிக்குள்ளேயே கடை மாதிரி அடுக்கியிருந்தன, ஒன்றா இரண்டா. ஆனால் முக்கால்வாசி, கண்ணாடியோடு வரும் இரண்டு கைப்பிடிகளைக் கைக்கொன்றாகப் பிடித்து, தூக்கி, ஆட்டி, வீசி விளையாடுவது. கையைத் தூக்க முடிகிறவன் எதற்குக் கட்டிலில் கிடந்து பறக்கிறான்? கண்ணாடியை அங்கேயே விட்டுவிட்டுப் போன ராஜேஷ் யோசித்து, சாதாரண வீடியோ கேமுக்கு வைத்துக்கொள்ளும் கேம்பேட் ஒன்றை வாங்கி அனுப்பினான். வயிற்றின் மேல் வைத்து, இரண்டு கட்டை விரலாலும் இரண்டு குமிழைத் தள்ளினால் போதும். கை தூக்க வேண்டாம்.

போனில் சொன்னான்: "அக்கா, ஒவ்வொரு கேமுக்கும் கீழ, எதுல ஆடலாம்னு ஒரு வரி இங்கிலீஷ்ல போட்டிருப்பான். அதுல கேம்பேட்னு இருந்தா மட்டும் கண்ணாடிக்குள்ளயே போட்டோ எடுத்து எனக்கு அனுப்பு. நான் இங்கருந்து வாங்கி வுடறேன்."

கல்பனா பத்தாவது ஃபெயில். ஆங்கிலத்தில் அவளுக்கு நன்றாகத் தெரிந்தது வண்டி எண்கள்தான். ஆந்திரா வண்டியா தமிழ்நாட்டு வண்டியா என்று இருபது அடி தூரத்தில் சொல்லிவிடுவாள். கேம்பேட் என்பதன் ஏழு எழுத்தை ஒரு டோக்கன் அட்டையின் பின்னால் எழுதி வைத்துக்கொண்டு, டோக்கனையும் வண்டியையும் ஒத்துப் பார்க்கிற மாதிரியே ஒவ்வொரு எழுத்தாக ஒத்துப் பார்த்தாள். தினமும் பகல் பன்னிரண்டிலிருந்து இரண்டு வரை இதே வேலை. அந்தக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கூடத்தின் நடுவில் நின்று காற்றைத் துழாவிக்கொண்டிருப்பாள். ஜன்னல் வழியாகப் பார்த்த எதிர்வீட்டு ரத்தினம்மாள், புருஷன் கவலையில் இவளுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று தெருவில் சொல்லி வைத்தாள்.

முதலில் கிடைத்தது போர் விமானம். கேம்பேட் என்று தெளிவாகப் போட்டிருந்தது. மாட்டினார்கள். விமானம் ஓடுதளத்தில் நின்றது. கிளம்பவில்லை. எஞ்சினை முடுக்க, எதிரே இருக்கும் பலகையில் கையை நீட்டி ஒரு சுவிட்சைப் போட வேண்டுமாம். பறக்கத்தான் கேம்பேட், கிளம்பக் கை வேண்டும். இதை எழுதி வைத்தவனுக்குக் கை நன்றாக இருக்கிறது போலும். கல்பனா அவர் கையில் அந்தக் கைப்பிடியை வைத்து, முழங்கையைப் பிடித்துத் தானே தூக்கி, "இங்கியா பாவா? இன்னும் மேலயா?" என்று தடவினாள். கை அவள் பிடியில் ஊறின மரக்கட்டை மாதிரி கனத்தது.

"வுடு" என்றார். "வுட்டுடு கல்பனா."

அவள் விட்டாள். அன்றைக்கு மோர் மட்டும் குடித்தார்.

இன்னொரு தொல்லையும் இருந்தது. எந்த விளையாட்டானாலும் உள்ளே நுழைகிற வரைக்கும் கைப்பிடிதான் வேண்டும். ஆகவே அவள் முதலில் மாட்டிக்கொண்டு, அதைத் தொட்டு இதைத் தொட்டு விளையாட்டைத் தொடங்கி, பிறகு கழற்றி அவருக்கு மாட்ட வேண்டும். கழற்றின நொடியே அந்தச் சனியன் தூங்கிவிடும். மறுபடி முதலிலிருந்து. நாலு தடவை இப்படி ஆனதும் கல்பனாவுக்கு ஸ்டாண்டு கோபம் வந்தது. அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். இரண்டு லென்ஸுக்கும் நடுவில், புருவ மத்தியில் படுகிற இடத்தில், கடுகளவு கண் ஒன்று மினுக்கியது. அதுதான் மூஞ்சி இருக்கிறதா இல்லையா என்று வேவு பார்க்கிறது என்று புரிந்துவிட்டது. தன் நெற்றியிலிருந்த ஸ்டிக்கர் பொட்டைப் பிய்த்து அதன் மேல் ஒட்டினாள். அதற்குப் பிறகு அது தூங்கவே இல்லை. ராஜேஷ் போனில் விழுந்து விழுந்து சிரித்தான். "கம்பெனிக்காரனுக்கே தெரியாதுக்கா இது!" அவளும் சிரித்தாள். சிரித்து எத்தனை நாளாயிற்று என்று பிறகுதான் நினைத்தாள், நினைத்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

அடுத்தது சின்ன விமானம். சண்டை இல்லை, சுவிட்ச் இல்லை. ஏதோ ஊர், வயல், ஆறு, அதன் மேல் சும்மா பறந்துகொண்டிருக்கலாம். எல்லாம் கேம்பேடிலேயே. இதுதான் என்று அவள் மனசு சொன்னது. நல்ல காரியத்தை நல்ல நாளில் தொடங்குவோமே என்று கிருத்திகை வரைக்கும் பொறுத்திருந்து, ஸ்டாண்டிலிருந்து நேராக மலையேறி, சாமி பாதத்துச் சந்தனத்தை வாங்கி வந்து, அவர் நெற்றியில் தாராளமாக அப்பினாள். கொஞ்சம் கண்ணாடிக்கும் தொட்டு வைத்தாள். மூன்று தலையணையை முதுகுக்கு முட்டுக்கொடுத்து நிமிர்த்தி, விளையாட்டைத் தொடங்கி, மாட்டினாள்.

"இன்னா பாவா, எப்டி கீது?"

"ஒண்ணும் தெரியல. ஒரே பனியா கீது."

"மேல போனா தெரியும் பாரு."

"மேல போனாலும் பனிதான்."

மூன்று நாள் பார்த்தார்கள். மூன்று நாளும் சந்தனம் வைத்தாள், மூன்று நாளும் பனி. நாலாம் நாள் அவர் வேண்டாம் என்று தலையசைத்துவிட்டார். பனி பெய்கிற ஊரில் கொண்டுபோய் விளையாட்டை வைத்திருக்கிறான் பார் என்று அந்த முகம் தெரியாத ஆளைத் திட்டிவிட்டு, அதைத் திருப்பிக் கொடுத்துவிடச் சொன்னாள். தான் மாட்டித் தொடங்கும்போதும் மங்கலாகத் தெரிந்ததைப் பழைய கண்ணாடியின் கோளாறு என்று விட்டிருந்தாள், தன் பக்கம் தப்பு இருக்கும் என்று தோன்றவேயில்லை. சாமி சந்தனத்தை யாராவது சந்தேகப்படுவார்களா?

பிறகு வந்தது வளையத்துக்குள் புகுந்து புகுந்து போகிற பந்தயம். கேம்பேட் சரியாக வேலை செய்தது. விமானம்தான், தெரிந்த மங்கலிலேயே, பம்பரமாகச் சுற்றியது. இரண்டே நிமிடத்தில் ஜெகநாதனுக்குக் குமட்டிக்கொண்டு வந்துவிட்டது. மல்லாந்து கிடக்கிற மனிதர், முகத்தில் அந்தப் பெட்டி, வாயிலிருந்து அப்போதுதான் குடித்த கஞ்சி. மூச்சுக்குழாயில் போனால் என்ன ஆகும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லித்தான் அனுப்பியிருந்தார்கள். அவரை ஒருக்களித்துப் பிடித்துக்கொண்டு, முதுகைத் தட்டி, வழித்து, துடைத்து, அவர் மூச்சு சீராகிற வரைக்கும் பிடியை விடவில்லை. சாண் ஏறினால் முழம் சறுக்குகிறது. அவர் சுவரைப் பார்த்துத் தலையைத் திருப்பிக்கொண்டார்.

"போதும் கல்பனா. கேட்டது என் தப்பு."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள். கொல்லைப்புறத்தில் போய் உட்கார்ந்து அழுதாள். ஒருவன் ஒன்றே ஒன்று கேட்டான், அதைக்கூடக் கொடுக்கத் துப்பில்லை. இனி அவர் ஒன்றும் கேட்கப் போவதில்லை என்பது அவளுக்கு உறுதியாகத் தெரிந்தது. அழுது முடித்து, அழுக்கான கண்ணாடியைத் துடைக்க எடுத்தாள். ஈரத் துணியால் லென்ஸை ஒற்றியபோது துணியில் மஞ்சளாக ஒட்டியது. கஞ்சி மஞ்சளாக இருக்காதே. மோந்து பார்த்தாள். சந்தனம்.

இரண்டு லென்ஸிலும் மேல்பக்கத்திலிருந்து வழிந்து காய்ந்து, ஏடு கட்டியிருந்தது. பனியும் இல்லை, மேகமும் இல்லை. அந்த ஊரில் பளிச்சென்று வெயில்தான் அடித்துக்கொண்டிருந்திருக்கிறது. நாள் தவறாமல் அவள்தான் மூடி வைத்திருந்தாள். தலையில் அடித்துக்கொண்டு ராஜேஷுக்குப் போன் போட்டாள். "டேய், அந்தப் பனி கேம மறுபடியும் வாங்குடா. ஏன்னு கேக்காத."

அடுத்த நாள் நெற்றியில் ஒன்றும் இல்லாமல் மாட்டினாள். அவர் வேண்டாம் என்றார். "எனக்காக ஒருவாட்டி பாவா" என்றாள். விமானம் கிளம்பியது. கட்டை விரல் இரண்டும் முதலில் தயங்கி, பிறகு நிதானமாக நகர்ந்தன.

"கல்பனா."

"இன்னா பாவா?"

"ஆறு தெரியுது. கொல்லை கழனியெல்லாம் கட்டம் கட்டமா கீது. நான்தான் ஓட்டறேன்."

"ஆங். நீதான் ஓட்டற."

அன்று மத்தியானம் இன்னொரு பிடி தயிர்சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். கேட்டு வாங்கி! நாலைந்து நாள் கல்பனா தரையில் நடக்கவில்லை. ஸ்டாண்டில் டோக்கன் தொலைத்த ஒருவனுக்கு வாய் பேசாமல் வண்டியைக் கொடுத்தாள். அவன் பயந்துபோய்த் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனான். தினமும் இரண்டு மணிக்கு மாட்டிவிட்டால் நான்கு வரை அவர் பாட்டுக்குப் பறப்பார். அவள் பக்கத்திலேயே பாயைப் போட்டுத் தூங்குவாள். ஒரு வருடத்தில் அவள் தூங்கிய நல்ல தூக்கம் அதுதான்.

கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதையாக, பாவா பறப்பதை நாமும் பார்க்கலாமே என்று அவளுக்கு ஆசை வந்தது. கண்ணாடிக்குள் தெரிவது போனிலும் தெரியும்படி செய்யலாம் என்று ராஜேஷ் வழி சொன்னான். ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் போனைக் கையில் வைத்துக்கொண்டு, புதுப்படம் பார்க்கிற மாதிரி சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள்.

விமானம் ஏறியது. அழகாகத்தான் ஏறியது. ஆறு நூலாயிற்று, வயல்கள் கோலத்துக் கட்டமாயின. இன்னும் ஏறி, இனி ஏற முடியாது என்ற இடத்தில் மூக்கு மெதுவாகக் கீழே சாய்ந்தது. சாய்ந்து, நிமிரவில்லை. தரை பெரிதாகிக்கொண்டே வந்தது. வயல், வரப்பு, ஒரு மரம். படம் கறுப்பானது. விரல் ஒரு பொத்தானை அழுத்தியது. மறுபடி ஓடுதளம், மறுபடி ஏறியது, மறுபடி அந்த உயரத்தில் மூக்கைச் சாய்த்தது.

தெரியாமல் விழுகிறார் என்று முதல் இரண்டு தடவை நினைத்தாள். மூன்றாவது தடவை விரலைப் பார்த்தாள். கட்டை விரல் குமிழை முன்னால் தள்ளி, நடுக்கமில்லாமல், அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தது. பெட்டிக்குக் கீழே தெரிந்த முகத்தில் வேதனை இல்லை. டிராக்டரை வரப்போரம் லாவகமாகத் திருப்பும்போது இருக்குமே ஓர் அமைதி, அது இருந்தது.

யாரிடம் சொல்வது? ராஜேஷிடம் சொன்னால் கண்ணாடியை வாங்கிக்கொண்டு போய்விடுவான். சௌமியாவிடம் சொன்னால் என்ன மாத்திரை எழுதச் சொல்வாளோ. அவரிடமே கேட்டாள். "ஏன் பாவா கீழ வுடற?"

"சும்மா" என்றார்.

மறுநாள் பன்னிரண்டு மணிக்கு அவள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அந்த விளையாட்டின் உள்கதவுகளை எல்லாம் திறந்து பார்த்தாள். ஒவ்வொரு வரியாகப் போட்டோ எடுத்து, இது என்ன, இது என்ன என்று ராஜேஷைக் கேட்டாள். ஏழாவதோ எட்டாவதோ வரிக்கு அவன் சொன்னான்: "அது, மோதினா வெடிக்கணுமா வோணாமான்னு கேக்கறான். சின்னப் பசங்க ஆடறப்ப ஆஃப் பண்ணிடுவாங்க. தரையில பட்டா பந்து மாதிரி எகிறிடும்."

அவள் ஆஃப் பண்ணினாள். அவரிடம் சொல்லவில்லை. பிள்ளைக்கு எட்டாமல் கத்தியை மேலே வைக்கிற தாய், பிள்ளையிடம் சொல்லிவிட்டா வைக்கிறாள்?

இரண்டு மணிக்கு மாட்டிவிட்டு, போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். விமானம் ஏறியது. உச்சிக்குப் போய் மூக்கைச் சாய்த்தது. தரை வந்தது, வயல் வந்தது, தொட்டது. தொட்ட வேகத்தில் எகிறி, அசடு மாதிரி மறுபடி வானத்தைப் பார்த்துக் கிளம்பியது. ஜெகநாதனின் கட்டை விரல் மறுபடி தள்ளியது. மறுபடி எகிறியது. இன்னும் ஒருதரம். பிறகு விரல்கள் இரண்டும் குமிழை விட்டுவிட்டன. ஓட்ட ஆளில்லாத விமானம் வயலின் மேல் தன்பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது.

"கல்பனா."

"இன்னா பாவா."

"எல்லாம் நீதான் பண்ற. சோறு, தண்ணி, கழுவறது, திருப்பறது எல்லாம் நீதான். நான் உன்ன ஒண்ணும் சொல்லல. இதையும் நீயே பார்த்துக்கறியா?"

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் அவளும் பதிலுக்குக் கத்தியிருப்பாள், உனக்கென்ன, விழுகிறவன் விழுந்துவிடுவாய், பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறவள் நான் என்று. அதைச் சொல்ல வாயெடுத்தாள். பெட்டியின் விளிம்பில், மூக்கோரமாக, ஈரம் இறங்கிக்கொண்டிருந்தது. அவரால் அதைத் துடைத்துக்கொள்ள முடியாது. முந்தானையால் துடைத்துவிட்டாள். அதுவும் அவள் கைதான்.

கண்ணாடியைக் கழற்றித் தான் மாட்டிக்கொண்டாள். அந்த வரியைத் தேட வேண்டியிருக்கவில்லை, எழுத்து மனப்பாடமாகியிருந்தது. ஆன் பண்ணினாள். விமானத்தை ஓடுதளத்தில் கொண்டுவந்து நிறுத்தி, அவருக்கு மாட்டி, வாரை இறுக்கி, தலையணையைச் சரிசெய்து, கேம்பேடை வயிற்றின் மேல் வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக எடுத்து அதனதன் இடத்தில் படிய வைத்தாள்.

"போ பாவா" என்றாள்.

அன்று நான்கு மணிக்குள் ஜெகநாதன் ஏழு முறை விழுந்தார். முதல் மூன்று முறை அவள் போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நாலாவது முறை தரை பெரிதாகத் தொடங்கியதும் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்து அவர் பாதங்களை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். விழுகிறவனைப் பிடிக்கிற மாதிரி கெட்டியாகப் பிடித்தாள். அவள் பிடித்திருப்பது அவருக்குத் தெரியாது.